இது எந்த மூவாயிரம்? கரமசோவ் சகோதரர்களோடு 14 மாதங்கள்

காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டிய அறையில்தான் அப்பச்சியின் கட்டில் கிடக்கிறது. எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், நினைவில் ஒரு குறையும் இல்லை. ஆத்தா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணன்மார் இருவரில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை. நான் ஏழெட்டுக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருக்கிற இடம் எனக்கு ஆபீஸ் என்பதால், பார்த்துக்கொள்ள நான் வந்தேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பச்சியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். நடுவில் தூங்கினால் எழ முடியாது. அதற்காகத்தான் பெரிய நாவல் ஒன்றை எடுத்தேன். தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’. தத்துவ நாவல் என்றால் அதுதான் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருந்தேன். ஆனால் படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக வாசிக்க வேண்டிய புத்தகமா அது என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் போல இன்னொருவர் இருந்தால் அவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு வாங்கியதிலேயே நடந்தது. 280 ரூபாய்க்குத் தமிழில் ஒரு பதிப்பு கிடைத்தது. மூன்று வாரத்தில் முடித்தும்விட்டேன். அப்பா ஒரு ஊதாரி, மூன்று மகன்கள், ஒரு பெண்ணுக்காக அப்பாவும் பெரியவனும் அடித்துக்கொள்கிறார்கள், ஒரு கொலை, கோர்ட், தீர்ப்பு. இதற்கா உலகமே இப்படிப் பேசுகிறது என்று ஏமாற்றமாக இருந்தது. அப்புறம்தான் அது சுருக்கம் என்று தெரிந்தது. அட்டையில் எங்கும் அப்படிப் போடவில்லை. எந்த இரண்டு அத்தியாயங்களுக்காக மக்கள் இந்த நாவலைத் தேடி வருகிறார்களோ அவை இரண்டும் அதில் கிடையாது. வாங்குவதற்கு முன் பொருளடக்கத்தைப் பாருங்கள். முழு நாவல் என்றால் பன்னிரண்டு பாகமும் ஒரு பின்னுரையும் இருக்கும். ஐந்தாம் பாகத்தில் இரண்டாவது மகன் இவான் சொல்லும் மத விசாரணை அதிகாரியின் கதை தனி அத்தியாயமாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்புகளே எழுநூறு, எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும். கையில் இருப்பது முந்நூறு பக்கம் என்றால் அது வேறு சரக்கு.

அடுத்து 450 ரூபாய்க்கு ஆங்கிலத்தில் வாங்கினேன், 1912இல் வந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட் மொழிபெயர்ப்பு. எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது. அதை விடக் கஷ்டம் பெயர்கள். கடைசி மகன் அலெக்ஸி ஃபியோதரோவிச் என்பவனும் அல்யோஷா என்பவனும் ஒருவன்தான் என்பது எனக்கு நூறு பக்கம் கழித்துத்தான் உறைத்தது. பெரியவன் திமித்ரிதான் மித்யா, மித்யாதான் மீத்தென்கா. அவனுக்கு நிச்சயமான கத்தெரீனா, காத்யா ஆகிறாள். அப்பாவும் பெரியவனும் அடித்துக்கொள்கிற அந்தப் பெண் அக்ராஃபெனாதான் குருஷென்கா. நூற்றைம்பதாம் பக்கத்தில் மூடி வைத்தேன். பிறகு ஒருநாள் பெட்டகத்தில் இருந்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்தபோது புரிந்தது, இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நம் ஊரில் ஒரு மனிதருக்கு விலாசம் ஒன்று, அதில் பாட்டன் முப்பாட்டன் எழுத்தெல்லாம் வரும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். ரஷ்யர்கள் நடுவில் வைப்பது அப்பாவின் பெயர், நம் இனிஷியல் மாதிரி. யார் எப்போது எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதிலேயே மரியாதையும் பிரியமும் கோபமும் தெரிந்துவிடும். ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். முதல் நாளே அதைச் செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

மூன்றாவது முறை தமிழில் முழு மொழிபெயர்ப்பை வரவழைத்தேன், கூரியர் சேர்த்து 1,500 ரூபாய். மடியில் வைத்தால் தொடை மரத்துப் போகிற கனம். அங்கிருந்துதான் எனக்கு உண்மையான வாசிப்பு தொடங்கியது. அதன் சுகத்தைச் சொல்லாமல் கஷ்டத்தை மட்டும் சொன்னால் அநியாயம். இரண்டாம் பாகத்தில் துறவி ஸோசிமாவைப் பார்க்க நாட்டுப்புறப் பெண்கள் வருகிறார்கள். அதில் ஒருத்தி மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். பிள்ளையின் சட்டையையும் சின்ன பூட்ஸையும் எடுத்து வைத்துப் பார்த்துப் பார்த்து அழுததைச் சொல்கிறாள். ஒருதரம், ஒரே ஒருதரம் அவன் ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்கிறாள். பிள்ளையின் பெயர் அலெக்ஸி. தஸ்தயேவ்ஸ்கியின் சொந்த மகன் அலெக்ஸி 1878 மே மாதம் மூன்று வயதில் வலிப்பு வந்து இறந்தவன். அடுத்த மாதமே அவர் ஓப்தினா மடத்துக்குப் போய் அங்கிருந்த மூத்த துறவியைப் பார்த்துவிட்டு வந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தபோது, தத்துவ நாவல் என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் அந்நியமாகப் பட்டது. அந்தப் பெண்ணின் அழுகையில் தத்துவம் எது, கதை எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் நான் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எங்கள் ஐயா, அப்பச்சியின் தகப்பனார், கோவிலூர் மடத்துக்குப் போய் வேதாந்தப் பாடம் கேட்டவர். சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் தமிழிலேயே வேதாந்தம் சொல்லிக்கொடுத்த மடம் அது. ஐயாவின் ‘கைவல்ய நவநீதம்’ இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. அதில் முதலில் தத்துவ விளக்கப் படலம், அடுத்து சந்தேகம் தெளிதற் படலம். சீடன் கேட்பான், குரு தெளிவிப்பார், சீடன் கும்பிடுவான். சிறுவயதிலிருந்து தத்துவம் என்றால் அந்த வடிவம்தான் எனக்குள் இருந்தது. கேள்வி எவ்வளவு பெரியதானாலும் அடுத்த பாட்டில் விடை வந்துவிடும். இந்த நாவலையும் அப்படித்தான் வாசித்தேன், தெளிதற் படலம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே.

ஐந்தாம் பாகம் ஐப்பசி அடைமழையில் வந்தது. சாப்பாட்டுக் கடை ஒன்றில் இவான் தம்பி அல்யோஷாவிடம் பேசுகிறான். கடவுளை மறுக்கவில்லை, அவர் படைத்த உலகத்தைத்தான் ஏற்க மாட்டேன் என்கிறான். குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறான். எட்டு வயது அடிமைச் சிறுவன் விளையாட்டாக எறிந்த கல் ஜெனரலின் நாய் காலில் பட்டுவிடுகிறது. மறுநாள் காலை, தாயின் கண்முன்னால் அந்தப் பையனை ஓடவிட்டு வேட்டை நாய்களை ஏவுகிறார் ஜெனரல். அந்த ஜெனரலை என்ன செய்யலாம் என்று இவான் கேட்க, துறவியாகப் போகிற அல்யோஷாவே ‘சுட வேண்டும்’ என்று சொல்லிவிடுகிறான். இப்படி ஒரு குழந்தையின் கண்ணீரின்மேல் கட்டப்படும் சொர்க்கத்துக்கு என் டிக்கெட்டை மரியாதையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் இவான். நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எனக்குள் எந்தப் பதிலும் இல்லை. அதற்கு அடுத்த அத்தியாயம் விசாரணை அதிகாரியின் கதை. அதன் முடிவில் அல்யோஷா ஒரு வாதமும் செய்யவில்லை. எழுந்து போய் அண்ணனை முத்தமிடுகிறான், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு கேட்டுவிட்டு இதுதானா பதில்?

அதைவிட மோசமானது அந்தப் பாகத்தின் கடைசியில் இருந்தது. அதைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று இவானுக்கு மறைமுகமாகத் தெரிகிறது. தெரிந்தும் ஊரைவிட்டுப் போகத் தீர்மானிக்கிறான். அன்றிரவு மாடிப்படியில் வந்து நின்று, கீழே அப்பா நடமாடும் சத்தத்தை மூச்சடக்கிக் கேட்கிறான். என்ன செய்கிறார், எதற்காக எழுந்தார் என்று. தன் வாழ்நாளிலேயே கேவலமான காரியம் அதுதான் என்று பின்னால் அவன் நினைப்பான் என்கிறார் ஆசிரியர். மணி மூன்று இருக்கும். எனக்கு இரண்டடி தூரத்தில் அப்பச்சியின் மூச்சு. நானும் தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பத்து நாள் முன்பு யூரின் பையை மாற்றும்போது, ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்று ஒரு நினைப்பு வந்து போயிருந்தது. வந்ததும் தள்ளிவிட்டேன். அந்த மாடிப்படிப் பக்கம் அதைத் தோண்டி வெளியே வைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். வேலையில் மனம் நிற்கவில்லை. 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், இரண்டு கடைகளுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் கடைக்கு 600, இரண்டுக்கும் 1,200 ரூபாய் என் கையிலிருந்து கட்டினேன். புத்தகங்களோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 3,430 ரூபாய். பணம் போனது பெரிதில்லை. பல வாரம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் ஆயிரமாயிரமாகத் தமிழ்ப் புத்தகம் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய் இன்று பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அப்படி ஒருவர் நடமாடிய ஊர்ப்பக்கத்தில், ஒரு நாவல் என்னை என்ன செய்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. அண்ணன்மாரிடம் சொல்ல முடியுமா? அவர்களிடம் பேச்சு எடுத்தாலே வீட்டைப் பாகம் பிரிப்பதா, விற்பதா என்றுதான் போகும்.

அதனால் என் அனுபவத்தில் அழுத்திச் சொல்வது இது. வீட்டில் நோயாளி இருந்தால், அண்மையில் சாவு நடந்திருந்தால், ஐந்தாம் பாகத்தை இரவில் தனியாக வாசிக்காதீர்கள். பகலில், நாலு பேர் நடமாடும்போது வாசியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். தொடங்கும் முன்பே ஒருவரிடம் சொல்லி வையுங்கள், ‘நான் இதை வாசிக்கிறேன், நடுவில் கூப்பிடுவேன்’ என்று. அவர் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும் என்பதில்லை. வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். இது 1879 ஜனவரி முதல் 1880 நவம்பர் வரை ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்தது. முதல் வாசகர்களுக்கே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

தை பிறந்த பிறகு மறுபடி எடுத்தேன். ஆறாம் பாகம் முழுக்க ஸோசிமாவின் வாழ்க்கையும் போதனையும். இவானுக்குப் பதில் இங்கே இருக்கும் என்று பாய்ந்து போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும். இவானின் ஒரு வாதத்தைக்கூட அது நேராகத் தொடுவதில்லை. அந்தப் பாகம் வெளியாகிற சமயத்தில் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றி அப்புறம் படித்தேன். இது போதுமான பதிலாக இருக்குமா என்று நடுங்குவதாகவும், வரிக்கு வரி பதில் இல்லை, ஒரு மனிதரின் சித்திரமாகத்தான் தந்திருப்பதாகவும் அதில் சொல்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதல். எழுதியவருக்கே பயம் இருந்திருக்கிறது. தெளிதற் படலத்தைத் தேடுவதை அன்றோடு விட்டேன். இந்த வார்த்தையைச் சொல்கிறவன் யார், யாரிடம் சொல்கிறான், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன். இவான் அவ்வளவு உயர்வாகப் பேசியது பகலில். மாடிப்படியில் நின்றது அதே நாள் இரவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவனைத் தோற்கடிக்கவும் மனம் வராது, அவனோடு சேர்ந்து போகவும் முடியாது.

இன்னொன்றும் செய்தேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. மனசுக்குள் வாசிப்பதை விட்டுவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பச்சியிடம் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். முன்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அப்பச்சி பதினேழு வயதில் பினாங்குக் கிட்டங்கிக்கு, அதாவது வட்டிக்கடைக்கு, பெட்டியடிப் பையனாக, எடுபிடியாகப் போனவர், வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவர். கடவுள் உண்டா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“என்னத்தா, இது எந்த மூவாயிரம்?”

நான் அதுவரை கவனிக்கவே இல்லை. தன் சொத்தில் பாக்கி இருக்கிறது, மூவாயிரம் ரூபிள் கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன் என்று மித்யா அப்பாவிடம் கேட்கிறான். காத்யா மாஸ்கோவுக்கு அனுப்பச் சொல்லி அவனிடம் கொடுத்ததும் மூவாயிரம். குருஷென்கா வந்தால் தருவதற்காக அப்பா கவரில் கட்டி வைத்திருப்பதும் மூவாயிரம். அப்பச்சி சிரித்தார். “மூணும் ஒரே தொகையா? அப்ப வேணும்னேதான் வெச்சிருக்கான். ஒரே தொகை மூணு பேர் கணக்குல நின்னா, ஒருத்தன் பணம் இன்னொருத்தன் பணமாத்தான் தெரியும்.” எட்டாம் பாகத்துக்குப் பிறகு ஊரே மித்யாவைச் சந்தேகப்படுவது அந்தக் குழப்பத்தில்தான். யார் செய்தது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அன்றே ஒரு நோட்டை எடுத்துப் பேரேடு போட்டோம். மித்யா பற்று, காத்யா வரவு, கவர் தனிக்கணக்கு. இடது கையால் அப்பச்சியே சில எண்களை எழுதினார், கோணல்மாணலாக. தத்துவத்தில் மூச்சு முட்டினால் இந்த நாவலில் பணத்தைப் பின்தொடருங்கள். பெரிய கேள்விகள் எல்லாம் அந்தப் பணத்தின் மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எரிச்சல் தந்த இடங்களும் நிறைய உண்டு. கோர்ட்டில் அரசு வக்கீல் பேச்சும் எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சும் முடிவே இல்லாமல் போகும். நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை இருவரும் திரும்பச் சொல்வார்கள். அங்கே நான் பக்கங்களைத் தள்ளினேன், பாவம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் ஏழாம் பாகத்தில் குருஷென்கா சொல்லும் வெங்காயக் கதையைத் தள்ளிவிடாதீர்கள், இரண்டு பக்கம்கூட இருக்காது. பொல்லாத குடியானவப் பெண் ஒருத்தி, வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் பிச்சைக்காரிக்கு ஒரு வெங்காயம் கொடுத்தது. நெருப்பு ஏரியில் கிடப்பவளுக்கு அந்த வெங்காயத்தையே நீட்டித் தூக்குகிறது ஒரு தேவதை. மற்றவர்களும் அவளைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்க, ‘இது என் வெங்காயம், உங்களுடையதில்லை’ என்று உதைக்கிறாள். வெங்காயத்தாள் அறுந்துவிடுகிறது. அன்று மத்தியானம்தான் நிலைக்கதவை யார் எடுத்துக்கொள்வது என்று அண்ணன்மார் இருவரும் போனில் கத்தியிருந்தார்கள். அப்பச்சி நெடுநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் பன்னிரண்டாம் பாகம் வந்தது. இவான் கோர்ட்டில் ஏறி நிற்கிறான், உடம்பு சரியில்லை, எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: அப்பா சாக வேண்டும் என்று நினைக்காதவன் யார்? அந்த வரி வருவது எனக்கு முன்பே தெரியும், சுருக்கப் பதிப்பில்கூட அது இருந்தது. தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் தானாக வாசித்துவிட்டது. குரல் உடைந்து புத்தகத்தைக் கீழே வைத்தேன். “நானும் ஒருநாள் நெனச்சேன் அப்பச்சி” என்றேன். மேலே ஒன்றும் சொல்ல வரவில்லை.

அப்பச்சி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஐயா இதே ரூம்ல நாலு வருசம் கெடந்தாக. நான் நெனைக்காத நாளா?” குழறிக் குழறிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி குடி” என்றார். குடித்தேன். “வாசி” என்றார்.

பின்னுரையையும் முடித்தாயிற்று. நோட்டில் ஐந்தொகை, அதாவது வரவு செலவின் கடைசிக் கணக்கு, மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. மித்யாவைப் பிடித்தபோது கையில் இருந்தது 836 ரூபிள் 40 கோபெக். கைத்துப்பாக்கிகளை அடகு வைத்து வாங்கியது பத்து. கடைக்குக் கொடுத்தது, சீட்டாட்டத்தில் விட்டது எல்லாம் எழுதியிருக்கிறோம். ஆயிரத்தைந்நூறைத் தன் கழுத்தில் துணியில் தைத்துக் கட்டியிருந்ததாக அவன் சொல்வதை வரவில் வைப்பதா, சாட்சி இல்லாததால் சந்தேகக் கணக்கில் வைப்பதா என்று அப்பச்சிக்குத் தீரவில்லை. நேற்று நோட்டை மூடச் சொல்லிவிட்டு, எட்டாம் பாகத்திலிருந்து திருப்பி வாசிக்கச் சொன்னார்.